பள்ளம் நிரப்பிய மண்

வேலை நின்றுபோனால் எனக்குச் சோறு இறங்காது. அம்மாவும் அப்பாவும் செங்கல் சூளையில் கிடந்தவர்கள். மழை வந்தால் சூளை நிற்கும், வீட்டில் அடுப்பும் நிற்கும். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

திருச்சிக்கு வெளியே ஒரு குப்பை மேட்டைக் கரைக்கும் வேலையில் மேஸ்திரியாக இருந்தேன். தோண்டுவோம், சலிப்போம், பிளாஸ்டிக்கைப் பிரிப்போம். மிஞ்சுகிற மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, பள்ளம் நிரப்பக் கேட்பவர்களுக்குச் சும்மா கொடுப்போம். வடக்கு ஓரத்தைத் தோண்டியபோது துருப்பிடித்த பேரல்கள் வந்தன. எந்தப் பட்டறைக்காரனோ எப்போதோ புதைத்த கழிவு. சுற்றிலும் மண் கறுத்து, பிசுபிசுவென்று கிடந்தது.

மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் சொன்னேன் சார். "தொடாதீங்க, ஆள் வரும்" என்றார்கள். வரவில்லை. மறுபடி கூப்பிட்டால் அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டாராம். புதியவர், "மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். பொக்லைன் வெயிலில் நின்றது. ஆட்கள் பீடி பிடித்துக்கொண்டு என் மூஞ்சியையே பார்த்தார்கள்.

அதனால் கலக்கச் சொன்னேன். ஒரு பங்கு கறுப்பு மண்ணுக்குப் பத்துப் பங்கு நல்ல மண். கலந்தால் காரம் செத்துப்போகும். பொக்லைன் ஓட்டும் பெஞ்சமின் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தான்.

"கண்ணு எரியுதுண்ணே. இத எங்க கொட்டப் போறீங்க?"

"உன் வாயில. போய் வண்டிய எடுடா."

பரிசோதனைக்கு மட்டும் கறுப்பு கலக்காத நல்ல மண் குவியலிலிருந்து அள்ளிக் கொடுத்தேன். இன்னொரு தாமதத்தை யார் தாங்குவது?

சல்லடையில் நிற்கும் ரோசரி ஒருநாள் கேட்டாள். "மேஸ்திரிண்ணே, எங்க தெருவுக்கு நாலு லோடு போடுங்கண்ணே. மழை பேஞ்சா புள்ளைங்க சேத்துல கெடக்குதுங்க." கலந்த மண்ணிலிருந்தே போட்டேன். தெருவே கும்பிட்டது.

கொஞ்ச நாளில் அவள் மகள் லிசிக்குக் கால் முழுக்கப் புண். தரையில் உட்கார்ந்து விளையாடுகிற வயசு.

"மண்ணு ஏதும் ஒத்துக்கலையாண்ணே?"

"சூட்டுக் கொப்புளம். வேப்பிலைய அரைச்சுப் போடு."

கறுப்பு மண் இன்னும் பாதி மிச்சமிருந்தது. அதையும் கலந்து அதே தெருவில் கொட்டி முடித்தேன். புது இடம் என்றால் புதுக் கேள்வி வரும்.

லிசி இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். கிட்னி இரண்டும் போய்விட்டது என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறார்களாம். நோய் யாருக்குத்தான் வரவில்லை.

கொட்டியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மண்ணில் கெடுதல் இருந்தது என்று எனக்குத் தெரியாது. என் வீட்டு வாசலும் பள்ளம்தான். அதற்கு மட்டும் கொள்ளிடத்து மணலை வாங்கிக் கொட்டினேன். பேத்தி அங்கேதான் தவழ்கிறாள். வெள்ளைக் கவுனில் கறை பிடித்துவிடும், அதனால்தான்.