செவ்வாயும் வெள்ளியும் நின்றுபோகும் கணனி

வவுனியா, 2000.08.11, வெள்ளிக்கிழமை.

பெயர்: சூசைப்பிள்ளை யூலியானா. வயது: 26. தொழில்: தட்டச்சு வேலை. சொந்த இடம்: சிலாவத்தை, முல்லைத்தீவு. தற்போது தமக்கை மார்கிறட்டின் வீடு, குருமண்காடு, வவுனியா. மேற்படி நபர் தாமாகவே பொலிஸ் நிலையத்திற்கு வந்து தமிழில் கூறியதாவது:

என்னை ஒருவரும் அழைத்து வரவில்லை, மிரட்டவும் இல்லை. இன்று காலை எங்கள் கடையில் வைத்துப் பிடிக்கப்பட்ட நிறோஜன் என்பவர் சம்பந்தமாகவே வந்தேன். அவர் உடையார்கட்டைச் சேர்ந்தவர், வயது 28, இடம்பெயர்ந்து தாயார் வடிவம்மாவுடன் அகதி முகாமில் இருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் வவுனியா ரவுனுக்கு வர மட்டும் அவருக்குப் பாஸ் உண்டு. கடைக் கணனியைப் பழுதாக்கியதாக அவர்மேல் உள்ள இந்த முறைப்பாடு நிலைத்தால் அந்தப் பாஸ் வெட்டுப்படும், அதன்பின் அவர் முகாம் வாசலைத் தாண்ட ஏலாது. அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. செய்தது யாரென்று எனக்குத் தெரியும். முதலிலிருந்து ஒழுங்காகச் சொன்னால்தான் விளங்கும், ஆகவே இடையில் குறுக்கிட வேண்டாம் என்று எழுதும் உத்தியோகத்தரைக் கேட்டுக்கொண்டேன்.

நான் சந்தைக்குக் கிட்ட உள்ள சிவலட்சுமி அக்காவின் அச்சமைப்புக் கடையில் வேலை செய்கிறேன். கலியாணக் காட், மரண அறிவித்தல், பள்ளிக்கூடச் சோதனைத் தாள் எல்லாம் அங்கே அடிப்போம். கடையில் உள்ளது ஒரேயொரு கணனி. அக்கா புருசனை இழந்தவர், அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் அந்தக் கணனிதான் சோறு போடுகிறது. அதில் படங்கள் கூடி இடம் போதாமல் போனதால், கொழும்பிலுள்ள அவரது தம்பி வைகாசி மாதம் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி அனுப்பினார். அக்கா நல்ல நேரம் பார்த்து, அதைச் சுவாமிப் படத்துக்கு முன் வைத்து, சந்தனமும் குங்குமமும் பொட்டாக இட்டு, பக்கத்து வீடியோக் கடைக்காரரைக் கொண்டு கணனிக்குள் பூட்டுவித்தார். நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி என்பதால் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன்பின் கணனி நின்றுபோகத் தொடங்கியது. அடித்துக்கொண்டிருக்கும்போதே அம்புக்குறி அசையாது, எந்த விசையை அழுத்தினாலும் கேட்காது, நிறுத்திப் போட்டால் அடித்ததெல்லாம் போய்விடும். ஒரு செத்தவீட்டு அறிவித்தல் திரும்பத் திரும்ப அழிந்தது. இறந்தவரின் மகன் வாசலில் நின்றபடி, “பரவாயில்லைப் பிள்ளை, ஆறுதலா அடியும்” என்றார். எனக்கு அழுகை வந்தது, கணனிக்கு ஒரு அடி போட்டேன்.

அதன்பின் அக்கா யாரிடமோ விசாரித்து நிறோஜனைக் கூட்டி வந்தார். முகாமில் ஒரு நிறுவனம் நடத்திய வகுப்பில் கணனி திருத்தப் பழகியவர் அவர். வந்ததும் என்னைப் பார்த்து, “அக்கா, கொஞ்சம் எழும்புங்கோ” என்றார். என்னைவிட மூத்த மனிசன் என்னை அக்கா என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதையும் எழுதுங்கோ என்றேன், எழுதப்பட்டது.

அவர் புதிய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் ஓடவிட்டார், கணனி நிற்கவில்லை. அதன்பின் பழையதைக் கழற்றி, புதியதை மட்டும் ஒரு பிளொப்பியைப் போட்டுச் சோதித்தார், அதிலும் பிழையில்லை. அதன்பின் இரண்டையும் சேர்த்துப் பூட்டினார், உடனே நின்றது. “ரெண்டும் நல்ல டிஸ்க்தான். ரெண்டும் நான்தான் மூத்தவன் எண்டு சண்டை பிடிக்குதுகள். ஒண்டை இளையவனாக்கவேணும்” என்றார். ஒவ்வொரு டிஸ்க்கின் பின்னாலும் ஜம்பர் என்று ஒரு சின்னக் கறுப்புத் துண்டு உண்டு, அதை எந்த ஊசியில் மாட்டினால் அது இரண்டாவதாகும் என்ற படம் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும். அக்காவின் சந்தனப் பொட்டு சரியாக அந்தப் படத்தின்மேல்தான் காய்ந்து கிடந்தது.

வேறொருவர் என்றால் நகத்தால் சுரண்டியிருப்பார். இவர், “அவா குறை நினைப்பாவோ?” என்று என்னைக் கேட்டார். அக்கா அப்போது சந்தைக்குப் போயிருந்தார். அதன்பின் அவர் தன் கைலேஞ்சியின் நுனியை நனைத்து மெல்லத் துடைத்து, படத்தைப் பார்த்து, ஜம்பரை மாற்றினார். அதன்பின் சுவாமிப் படத்தடியிலிருந்து சந்தனம் தொட்டு டிஸ்க்கின் மற்ற மூலையில் ஒரு பொட்டு வைத்தார். “ஆசையா வைச்சவா எல்லே” என்றார். எனக்கு அந்த இடத்திலேயே மனம் போய்விட்டது. ஆனால் வாயால், “சரி சரி, கெதியாப் பூட்டுங்கோ, வேலை கிடக்கு” என்றுதான் சொன்னேன்.

ஆனி மாதம் கணனி மறுபடி நின்றது. இரண்டு டிஸ்க்கையும் இணைக்கும் பட்டை வயர் ஓரிடத்தில் வெடித்திருந்தது, அவர் வந்து வேறு வயர் போட்டார். அதுவும் உண்மையான பிழைதான். அன்று அவருக்குத் தேத்தண்ணியும் பாணும் கொடுத்தேன். பாணில் பாதியைத் தாயாருக்கென்று பேப்பரில் சுற்றி வைத்தார். அடுத்தமுறை வந்தால் ஒரு முழுப் பாண் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அடுத்தமுறை என்று ஒன்று வரவில்லை. விசர் மனிசன் அவ்வளவு திறமாகத் திருத்திவிட்டுப் போயிருந்தார்.

கணனி ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குத்தான் ஒரு வேலையும் ஓடவில்லை. அதன்பின் ஒரு செவ்வாய்க்கிழமை, அக்கா கடைக்கு வருமுன் நான் பெட்டியின் மூடியைத் திறந்து, அந்தப் பட்டை வயரைப் புதிய டிஸ்க்கிலிருந்து ஒரு நகக்கண் அளவு இழுத்துவிட்டேன். கணனி நின்றது, அக்கா ஆளனுப்பினார், அவர் வந்தார். அதன்பின் அவருக்குப் பாஸ் உள்ள செவ்வாயிலும் வெள்ளியிலும் அடிக்கடி அப்படிச் செய்தேன். ஒவ்வொரு முறையும் அடித்தவற்றை முதலில் பிளொப்பியில் பதிந்து வைத்தபடியால் அக்காவுக்கு ஒரு வேலையும் அழியவில்லை. முதல் தடவைக்குப் பிறகு நிறோஜன் கூலி கேட்டதுமில்லை.

மற்ற நாட்களில் ஓடுகிற கணனி அவர் ரவுனுக்கு வருகிற நாட்களில் மட்டும் நிற்பதை அக்கா கவனித்துவிட்டார். “அவன்தான் என்னவோ செய்துபோட்டுப் போறான், வேற ஏதும் நோக்கத்தோட வாறானோ தெரியாது” என்று பயந்து, இன்று காலை இங்கே வந்து முறைப்பாடு செய்தார். அக்காவில் நான் பிழை சொல்லமாட்டேன். பொலிஸார் கடையில் வைத்து நிறோஜனைக் கேட்டபோது, “எனக்குக் காரணம் தெரியாது ஐயா” என்றார். நான் அங்கேதான் நின்றேன். பயத்தில் என் வாய் திறக்கவில்லை.

அதன்பின் வீட்டுக்கு ஓடி மார்கிறட் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “சைவப் பெடியன், முகாமில கிடக்கிறவன், உனக்கென்னடி விசரோ?” என்று பேசினார். பேசிக்கொண்டே என் குடையை எடுத்துத் தந்து, “வெயிலுக்க நடந்து போகாத, பஸ்ஸில போ” என்றார். அப்படித்தான் இங்கே வந்தேன்.

கேள்வி: வயரை இழுத்ததற்குக் காரணம் என்ன?

பதில்: எனக்கு அவரில் விருப்பம். அவர் வராத நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. கூப்பிட வேறு வழி தெரியவில்லை.

கேள்வி: இது சந்தேகநபருக்குத் தெரியுமா?

பதில்: தெரியாது. நீங்களும் சொல்ல வேண்டாம்.

இவ்வளவும் எழுதியபின், சட்டப்படி எனக்கு உரத்து வாசித்துக் காட்டப்பட்டது. வெளியே கேட்காமல் மெதுவாக வாசிக்கும்படி கேட்டேன், உத்தியோகத்தர் கேட்கவில்லை. வெளியே வாங்கில் இருத்தப்பட்டிருந்த நிறோஜன் எழுந்து கதவடிக்கு வந்துவிட்டார். ஆகவே மேலதிகமாகப் பின்வருவதையும் சேர்க்கக் கேட்கிறேன்.

அவர், “எனக்குத் தெரியும் ஐயா” என்றார். “தானாக் கழண்ட வயர் இல்லை அது. ஒரு ஊசிகூட வளையாமல் பக்குவமா இழுத்தது. அந்தக் கடையில பெட்டிக்குக் கிட்ட இருக்கிறது இவா மட்டும்தான்.” அப்படியென்றால் காலையில் ஏன் சொல்லவில்லை என்று உத்தியோகத்தர் கேட்டார். “சொன்னா இவாவின்ர வேலை போயிடும். அதுவும் சிவலட்சுமி அக்காவுக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது? வெக்கப்பட்டுப் போவா” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில், “உமக்கென்ன மூளை கலங்கிப்போச்சோ? உம்மட பாஸ் எல்லோ போகப்போகுது! அம்மாவை நினைச்சீரோ?” என்று நிலையம் முழுக்கக் கேட்கக் கத்திவிட்டேன். அதற்கு அவர், “போனாலும் நீர் வந்து பார்ப்பீர் எண்டு நினைச்சன்” என்றார். உத்தியோகத்தர் என்னை இருக்கச் சொன்னார். நான் இருந்து அழுதேன்.

ஓம், பார்ப்பேன். அவரது பாஸை வெட்டினால், வாசலில் நின்று பார்த்துவிட்டு வருகிற ஆளில்லை நான். அவர் பெயரோடு என் பெயரையும் பதிந்து முகாமுக்குள்ளேயே போய் இருக்க எனக்குப் பூரண சம்மதம். மாதாமேல் ஆணையாக நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கூட்டிச் சொன்னதோ குறைத்துச் சொன்னதோ கிடையாது. வாசித்துக் கேட்டு, விளங்கி, என் கையாலேயே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சூ. யூலியானா

உத்தியோகத்தர் குறிப்பு: முறைப்பாட்டாளர் சிவலட்சுமி அழைக்கப்பட்டு மேற்படி வாக்குமூலம் அவருக்கும் வாசிக்கப்பட்டது. அவர் யூலியானாவைப் பார்த்து, “ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானே அவனைக் கூப்பிட்டிருப்பனே, என்ர மெசினை ஏனடி வதைச்சனீ?” என்று கேட்டு, முறைப்பாட்டை மீளப் பெற்றார். நிறோஜனிடம் பாஸ் திருப்பிக் கையளிக்கப்பட்டது. மூவரும் ஒன்றாக வெளியேறினர்.