‘வேணாம்’ ஃபோல்டர்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலைப் பார்த்தபடி மகள் சொன்னாள்.

"நீ வேணாம்னு தள்ளுன மாப்பிள்ளையத்தான்மா நான் கட்டிக்கப் போறேன்."

"எந்த மாப்பிள்ளடி?"

"அப்பாவோட பழைய கம்ப்யூட்டர்ல இருந்ததையெல்லாம் புதுசுக்கு மாத்துனேன்ல? அதுல ‘வேணாம்’னு ஒரு ஃபோல்டர். தொறந்தா ஒரே மாப்பிள்ளைங்க போட்டோ. என்கிட்ட ஒண்ணுகூட காட்டல நீ."

"வேணாம்னுதான் போட்டிருக்குதே, அப்புறம் எதுக்குத் தொறந்த?"

"அதுல அடி அண்ணாமலை ஊர்க்காரர் ஒருத்தர். போட்டோவுக்குக் கீழயே போன் நம்பர் இருந்துச்சு. நேத்து பேசிட்டேன்."

தாய் சட்டென்று திரும்பினார். "நீயேவா? அய்யோ, அந்தப் பையன் வீடு கிரிவலப் பாதையிலயே இருக்குதுடி. பௌர்ணமின்னா கூட்டத்துல வாசல்ல கால் வைக்க முடியாது. அதான் வேணாம்னேன்."

"அதை அவரே சொல்லிட்டாரு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி உங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாங்கன்றாரு."

மகள் பதிலுக்காகத் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டு வந்தது. இறங்குவதற்காகப் பையை எடுத்தபடியே தாய் சொன்னார்.

"அந்தப் போட்டோவ என் போனுக்கு அனுப்பு. அன்னிக்கு மூஞ்சிய நான் சரியாவே பாக்கல."