முசுறுக்கு ஒப்பிடலாகாத மாக்ரெட் அம்மையாருக்கு

கொட்டாஞ்சேனைக் குழந்தைகளின் குன்றாத துணையே, விஞ்ஞான வகுப்பை விருந்தாக்கி வைத்த வித்தகரே, மாங்கிளையில் முசுறு எறும்பின் கூடு கண்டால் மணியடித்ததையும் மறந்து நிற்கும் மாக்ரெட் ஆசிரியையே, எம் அன்பு வணக்கம்.

தாங்கள் ஓய்வுபெறும் இவ்வேளையில் இப்பிரியாவிடை மடலை எழுதும் பொறுப்பை நம் தமிழாசிரியர் பதியுதீன் ஏற்றார். எதுகையும் மோனையும் தேடித் தேடி எழுதி, உச்சியில் ஓர் உவமையை ஏற்றிவைத்தார்: "தனக்கென ஒரு குஞ்சும் இன்றிக் கூட்டுக்காகவே தேயும் வேலைக்கார முசுறு போன்ற தியாகியே." மணமுடிக்காமலே இப்பாடசாலைக்கு உழைத்த தங்களுக்கு இதனினும் பொருந்தும் புகழ் இல்லையென்பது அவர் துணிபு. சேவைக்காலம் சரிதானா என்று பார்க்கத் தங்களிடம் அதைக் காட்டினார். தாங்கள் வாசித்துச் சிரித்தீர்கள்.

"மாஸ்டர், முசுறு தியாகம் செய்யிறேல்ல."

பதியுதீனுக்கு முகம் வாடிவிட்டது. "அதுக்குப் புள்ளயே இல்லயே ரீச்சர். தியாகம் இல்லாட்டி வேற என்ன?"

"அது வளர்க்கிறது தன்ர தாயின்ர குஞ்சுகளை. எல்லாம் ஒரே இரத்தம். அதில ஒண்டு ராணியாகிப் பறந்துபோய்ப் புதுக் கூடு வைக்கேக்க, உழைக்கிற குணமும் கூடவே போகும். நல்லா உழைக்கிற கூடு தழைக்கும், மற்றது அழியும். பிள்ளை பெறாததின்ர குணம் அப்பிடித்தான் நிலைச்சது."

பிறகு தங்கள் குரல் தணிந்தது.

"யப்பான்காரன்ர குண்டு துறைமுகத்தில விழுந்த வருசம் சனமெல்லாம் கொழும்பை விட்டு வெளிக்கிட்டுது. அண்ணர் என்னையும் கண்டிக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினவர். நான் போகேல்ல. போக இடமில்லாத பிள்ளையள் வகுப்புக்கு வந்துகொண்டிருந்ததுகள். அதில ஒண்டும் எனக்குச் சொந்தமில்ல. முசுறு தன்ர கூட்டைத்தான் காக்கும், மாஸ்டர். அடுத்த கூட்டு எறும்பு வந்தால் கடிச்சுக் கொல்லும்."

ஆஸ்பத்திரியில் கிடந்த மனைவியை விட்டுப் பதியுதீன் நகர முடியாதிருந்த அந்நாட்களில், அவருடைய மகள் லுத்பியாவும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். மதியச் சோற்றைத் தங்கள் கையாலேயே உண்டாள்.

எழுதியதை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அப்ப என்னண்டு எழுதுற ரீச்சர்?"

"எறும்பால ஏலாததைச் செய்தவ எண்டு எழுதுங்கோ. சந்தோசமாச் செய்தவ எண்டும் எழுதுங்கோ."

அவ்வண்ணமே எழுதினோம். இரத்தம் இழுக்காமலும் எவரும் பணிக்காமலும், பிறர் பிள்ளைகளைத் தம் விருப்பத்தால் தேர்ந்த தாயே, நோயின்றி, குறையின்றி, நூறாண்டும் அதற்கு மேலும் வாழ்வீராக. தெருவில் தங்களைக் கண்டு ஓடிவரும் பிள்ளைகள் யாவரும் தங்களுடையோரே.

இங்ஙனம்,
தங்களோடு பணிசெய்த பேறுடைய
ஆசிரியர் குழாத்தினர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு.
மார்கழி 1946