பொட்டிக்கு ரெண்டு பேரு

மஹ்மூதா: மச்சான்! நீங்க எப்படி உள்ள வந்தீங்க? அஞ்சு மணி வரைக்கும் பொம்பளைங்களுக்கு மட்டும்னு வாசல்ல எழுதி ஒட்டிருக்கே!

ருக்னுதீன்: புள்ள எங்க?

மஹ்மூதா: கடைய யாருகிட்ட வுட்டுட்டு...

ருக்னுதீன்: மஹ்மூதா! சபீதா எங்கன்னு கேட்டேன்.

மஹ்மூதா: தோ, மேல. ராட்டினத்துல. பச்சைப் பொட்டில பாருங்க, பல்லெல்லாம் தெரிய சிரிச்சிக்கிட்டு. பக்கத்துல தையக்காரர் மக ராஜம்மா.

ருக்னுதீன்: அப்ப கடைக்கு வந்த செட்டியார் சொன்னது நெசம்தான். வேலிக்கு மேல உம் மக தெரியுறான்னாரு... யா அல்லா! யாரக் கேட்டு ஏத்தினே?

மஹ்மூதா: யாரக் கேக்கணும்? பன்ஃபேர் பாத்துட்டு வாங்கன்னு நீங்கதான அனுப்பினீங்க?

ருக்னுதீன்: மரக்குதிரைல ஏறச் சொன்னேன்டி! அதுதான் தரையோட சுத்தும். ராட்டினம்னா சொன்னேன்?

மஹ்மூதா: நானும்தான் ஏறி உக்காந்தேன். இந்த ஆளு எறக்கி வுட்டுட்டான் மச்சான்! யோங் பெங் ஊரு பொம்பளைங்க அத்தன பேரும் பாத்துச் சிரிச்சாளுங்க.

அர்ச்சுனன்: அம்மா, இன்னும் கோவம் தீரலியா? இஞ்சினுக்குச் சளி புடிச்சிருக்குன்னு சொன்னேன்ல.

மஹ்மூதா: சளியாம்! குண்டுன்னு நேரா சொல்லேன். நாலு பேரு உக்கார்ற பொட்டில ரெண்டு ரெண்டு பொடிசா ஏத்தறான். வரிசைல நிக்கிறவங்க திட்டித் தீக்கிறாங்க, இவன் காதுல வாங்க மாட்டேங்கறான்.

ருக்னுதீன்: தம்பி, நீதான் ஓட்டறவனா?

அர்ச்சுனன்: அர்ச்சுனன் பாய். செவ்வாக்கெழம உங்க கடைக்கு மூட்டை எடுக்க வந்தேனே. மறந்துட்டீங்களா?

ருக்னுதீன்: நிறுத்து.

அர்ச்சுனன்: என்னது?

ருக்னுதீன்: ராட்டினத்த நிறுத்து. எம் புள்ளைய எறக்கு.

அர்ச்சுனன்: நெனச்ச எடத்துல ஒரு பொட்டிய மட்டும் எறக்க முடியாது பாய். பச்சைய எறக்கினா எதிர்ல இருக்கிற மஞ்சளையும் எறக்கணும். இல்லாட்டி ஒரு பக்கமா இழுக்கும். இப்பதான ஏறினாங்க...

ருக்னுதீன்: அவளுக்குக் காச்சல்.

மஹ்மூதா: எப்ப? காலைல மூணு தோசை தின்னாளே!

ருக்னுதீன்: எங்கம்மா வந்திருக்காங்க, பேத்தியக் கேக்கறாங்க.

மஹ்மூதா: உங்கம்மா கடல் தாண்டித் தொண்டில இருக்காங்க மச்சான். கப்பல்லயா வந்துட்டாங்க, ஒரு மத்தியானத்துல?

அர்ச்சுனன்: ஹ... பாய், காரணத்தச் சொல்லுங்க. நிறுத்தறேன்.

ருக்னுதீன்: காரணம் என்ன வேண்டிக் கெடக்கு? பெத்தவன் சொல்றேன்... இரு. அது என்ன சத்தம்?

அர்ச்சுனன்: எது?

ருக்னுதீன்: இப்ப கேட்டுச்சே... கிறீச்னு. தோ, மறுபடி!

அர்ச்சுனன்: அதுவா. அச்சு முனகுது.

ருக்னுதீன்: முனகுதா!

அர்ச்சுனன்: முந்தின ஊரு பெக்கோக்லேருந்து வர்ற வழில லாரி பள்ளத்துல எறங்கிச்சு. அன்னைலேருந்து இப்படித்தான். மொதலாளிகிட்ட சொன்னேன், அச்சக் கழட்டிப் பாத்துடலாம்னு. அவரு என்ன சொன்னாரு தெரியுமா?

ருக்னுதீன்: என்ன சொன்னா எனக்கென்ன... நிறுத்துப்பா!

அர்ச்சுனன்: "லைசென்ஸ் குடுக்கற தொரையே வந்து பாத்தாச்சு. பொட்டிக்கு ரெண்டு அரிசி மூட்டை வச்சு இருபது சுத்து சுத்திக் காட்டியாச்சு. காயிதமும் குடுத்தாச்சு. அரிசியத் தாங்கினது ஆளத் தாங்காதா?"ன்னாரு. நீங்க குடுத்த அரிசி மூட்டைதான பாய்?

மஹ்மூதா: எங்க மச்சான் குடுத்ததுதான். ஆறு பொட்டிக்குப் பன்னெண்டு மூட்டை, சும்மாவே குடுத்தாரு. ஊருக்குள்ள எவன் குடுப்பான்?

ருக்னுதீன்: நீ சும்மா இரு.

மஹ்மூதா: நல்லதத்தான சொல்றேன்! ஊருக்கெல்லாம் குடுப்பாரு, வீட்டு வாத்துக்குத்தான் ஒண்ணும் கெடையாது. கொடவுன்ல மலையா கெடந்த தவிடு, செவ்வாக்கெழமலேருந்து ஒரு படி இல்லன்னுட்டாரு. வாத்தெல்லாம் என்னையே மொறைக்குது.

ருக்னுதீன்: வாய மூடுடி!

மஹ்மூதா: ஏன் மச்சான் இப்படி வேர்க்குது உங்களுக்கு?

அர்ச்சுனன்: பாய், இன்னும் செத்த நேரத்துல அஞ்சு மணி அடிச்சிடும். ஆம்பளைங்க உள்ள வருவாங்க. மொதலாளியே இங்க வந்து நிப்பாரு. பொட்டிக்கு நாலு பேரா அவரே ஏத்துவாரு. அப்புறம் எங்கையில எதுவும் இல்ல.

ருக்னுதீன்: தம்பி... உங்கிட்ட தனியா சொல்றேன். இந்தப் பக்கம் வா.

அர்ச்சுனன்: பிரேக்க விட்டுட்டு வரமுடியாது. இங்கயே சொல்லுங்க.

ருக்னுதீன்: மெதுவா பேசு! வரிசைல நிக்கிறதெல்லாம் எங்கடைல வாங்கறவங்க.

அர்ச்சுனன்: கேக்குது பாருங்க, மறுபடி முனகுது.

ருக்னுதீன்: தவிடு! தவிடு தம்பி... பன்னெண்டும் தவிடு!

மஹ்மூதா: என்னது?

ருக்னுதீன்: மேலேருந்து ஒரு மூட்டை விழுந்து கிழிஞ்சா? சேத்துல கொட்டின அரிசிய எவன் வாங்குவான்? தொரை கண்ணுக்கு மூட்டையா தெரிஞ்சா போதும்னு... அரிசி கனத்துல பாதி கூட வராது அது. இந்த ராட்டினம் எவ்ளோ தாங்கும்னு எவனுக்கும் தெரியாது. எறக்கு தம்பி, உங் கால்ல விழறேன்!

அர்ச்சுனன்: ம்... நகருங்க ரெண்டு பேரும். பச்சைப் பொட்டி கீழ வருது. பாப்பா, எந்திரிக்காத! கம்பியப் புடிச்சிக்க... ஆங், இப்ப எறங்கு. ராஜம்மா, நீயும் எறங்கு. அரைச் சுத்து... மஞ்சள் பொட்டி, எறங்குங்க. மத்தவங்க ஆடாம உக்காருங்க, ஒவ்வொண்ணா எறக்கறேன்.

ருக்னுதீன்: சபீதா! வா, வாப்பாகிட்ட வா... அல்ஹம்துலில்லா. நட மஹ்மூதா, வீட்டுக்குப் போலாம்.

மஹ்மூதா: நான் வரல.

ருக்னுதீன்: அய்யோ, அலமாக்! இப்ப என்ன?

மஹ்மூதா: நாலு நாளா ஊரு புள்ளைங்க எல்லாம் இதுல ஏறி எறங்குது. நம்ம புள்ள ஏறினப்புறம்தான் உங்களுக்குத் தவிடு ஞாபகம் வந்துச்சா? இந்த ராஜம்மா யாரு பெத்த புள்ள? சொல்லுங்க.

அர்ச்சுனன்: கடைசிப் பொட்டியும் எறங்கியாச்சு. பாய், மணி அடிக்குது. மொதலாளி அங்க வர்றாரு பாருங்க, கறுப்புக் கொடையோட. என்கிட்ட சொன்னத அவருகிட்ட சொல்வீங்களா?

ருக்னுதீன்: வெளையாடறியா? தவிட்ட மூட்டை கட்டி அரிசின்னு குடுத்தான் ருக்னுதீன்னு தெரிஞ்சா, நாளைக்கு எவன் எங்கடைப் படி ஏறுவான்? பதினெட்டு வருசமா சேத்த பேரு தம்பி!

மஹ்மூதா: நீங்க சொல்றீங்களா, நான் இங்க நின்னு சத்தம் போடட்டுமா?

ருக்னுதீன்: நீ போட்டாலும் போடுவே... சரி. சொல்றேன். அவருகிட்டயும் சொல்றேன், தொரைகிட்டயும் சொல்றேன். அச்சக் கழட்டிப் பாக்கட்டும். அப்புறம் மறுபடி மூட்டை வச்சுச் சுத்தட்டும். நானே குடுக்கறேன்.

மஹ்மூதா: அரிசியா?

ருக்னுதீன்: அரிசிதான்டி! பிரிச்சுக் காட்டித் தச்சுக் குடுக்கறேன், போதுமா?... ஆனா அர்ச்சுனா, ஒண்ணு கேக்கறேன். தவிடுன்னு சொன்னப்ப நீ திடுக்கிடவே இல்லியே. உனக்கு முன்னாலயே தெரியும்! தெரிஞ்சே எம் புள்ளைய மேல ஏத்தினியா?

அர்ச்சுனன்: பன்னெண்டு மூட்டையையும் தூக்கி வச்சது இந்தத் தோளு பாய். அரிசிக்கும் தவிட்டுக்கும் இதுக்கு வித்தியாசம் தெரியாதா? அன்னைக்கே மொதலாளிகிட்ட சொன்னேன். "தொரை பாத்ததுல குத்தம் சொல்றியா, உஞ்சோலியப் பாரு"ன்னாரு. நீங்களா வந்து சொன்னாத்தான் நம்புவாரு. அதுவரைக்கும் என்னால ஆனது ஒண்ணுதான். ரெண்டு மூட்டைத் தவிடு எவ்ளோ கனமோ, அவ்ளோ கனம்தான் ஒரு பொட்டில ஏத்தினேன். ரெண்டு சின்னப் புள்ளைங்க. அம்மா, உங்கள எறக்கி விட்டது இஞ்சினுக்குச் சளின்னு இல்ல... தவிட்டத் தாங்கின ராட்டினத்துல உங்கள எப்படிம்மா ஏத்தறது?