துக்க மணி இல்லாத அடக்கம்

கயிறு என் கையில் இருக்கிறது. மணிக்கூண்டின் உச்சியில் என் வீட்டுக்காரர் நிற்கிறார். அடுப்பில் கஞ்சி கொதிக்கிறது.

"வருது! கடல் பக்கம்! மூணு! அடி புள்ள, அடி!"

அடிக்கிறேன். மூச்சு விடாமல் அடிக்கிறேன். மணிச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். முதலில் உறுமல். அது பெரிதாகிறது. சாலைக்கு அந்தப் பக்கமிருந்து ஜனங்கள் ஓடி வருகிறார்கள். செட்டி வீட்டுப் பெண்கள். சீனத் தச்சனும் அவன் பிள்ளைகளும். பாசாரிலிருந்து திரும்பிய ஒரு மலாய்க்காரர், கையில் மீனோடு. எங்கள் கோயில் வளாகத்தில் நாங்கள் வெட்டிய குழிக்குள் இறங்குகிறார்கள். எதிர்வீட்டு மீனாட்சி குழி வாயிலில் நின்று மலாயில் விரட்டுகிறாள். "மாசோக்! மாசோக்!" உள்ளே போ, உள்ளே போ என்று. தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்த செட்டிச் சனங்களுக்குச் சாமி பெயர் தமிழ், பேச்சு மலாய்.

ஊளை. பிறகு இடி. தரை ஒருமுறை எழும்பி உட்கார்ந்தது. குண்டு ஆற்றுப் பக்கம் விழுந்தது. கோயில் கூரைத் தகரம் வெகுநேரம் அதிர்ந்தது. இறங்கினவர்கள் அத்தனை பேரும் ஏறி வந்தார்கள். என் கஞ்சிதான் அடிப்பிடித்துவிட்டது.

1942 சனவரி. மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த வாரம். மலாக்கா, காஜா பெராங். என் பெயர் செபஸ்தியம்மாள். என் வீட்டுக்காரர் சவரிமுத்து அந்தச் சின்னத் தமிழ்க் கத்தோலிக்கக் கோயிலின் கோயிற்பிள்ளை. பீடம் துடைப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, மணி அடிப்பது அவர் வேலை. சண்டை வந்தபோது இந்தச் சபை செபித்தபடி முழங்காலில் இருந்தது என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். முழங்காலில் இருந்தோம், உண்மைதான். மண் வெட்டும்போதும் முழங்காலில்தான் இருந்தோம். அதை யாரும் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

டிசம்பரிலேயே ஜப்பான் விமானங்கள் வரத் தொடங்கிவிட்டன. டவுனில் சைரன் இருந்தது. காற்று ஒத்துழைத்தால் எங்களுக்குக் கேட்கும். இல்லையென்றால் குண்டு விழுந்த பிறகு சேதி தெரியும். எங்கள் பங்குச் சாமியார் சண்டைக்கு முன்பே வைத்தியத்துக்குச் சிங்கப்பூர் போனவர், திரும்ப முடியவில்லை. கோயிலுக்குப் பெரியவர் என்று இருந்தது ஞானப்பிரகாசம் கிராணி. கச்சேரி உத்தியோகம், சர்க்கார் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். கோட்டு. முதல் பெஞ்சு அவருடையது, பித்தளைத் தகட்டில் பெயர் அடித்து ஆணி வைத்திருந்தார்.

ஞாயிறு செபம் முடிந்து கூட்டம் போட்டார்கள். ஒன்பது நாள் செபம், நவநாள் சொல்வோம் என்றார் கிராணி. பெண்கள் பக்கத்திலிருந்து யாரும் பேசுவது வழக்கமில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"நவநாள் சொல்லுங்க. சொல்லிட்டு ஆளுக்கொரு சங்கோலும் எடுங்க."

சங்கோல் என்றால் மண்வெட்டி. எடுத்தார்கள். கோயில் வளாகத்துச் செம்மண் லேசில் பிளக்காது. ஆண்கள் வெட்டினார்கள், பெண்கள் கூடையில் சுமந்தோம். கடைத்தெரு சேக் நானா வெற்று அரிசிச் சாக்குகளை வண்டி நிறைய அனுப்பினார். மண்ணை அவற்றில் அடைத்தோம். குழிக்கு மேல்மூடி வேண்டும். பலகைக்கு எங்கே போவது? கோயிலுக்குள் பெஞ்சு இருந்தது.

கிராணி குதித்தார். எல்லாப் பெஞ்சையும் எடுக்கலாம், தன் பெஞ்சை மட்டும் தொடக்கூடாது. கடைசியில் அதுதான் முதலில் போனது, பலகை தடிமன் என்பதால். பிறகு குண்டு விழும்போதெல்லாம் அவர் அதற்கு நேர் கீழேதான் குந்தியிருப்பார். தலைக்கு மேலே அவர் பெயர் தலைகீழாக. நான் பார்த்துச் சிரித்திருக்கிறேன். சிரிக்கக் கிடைத்த இடத்தில் சிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

குழி யாருக்கு என்று அடுத்த சண்டை.

"நம்ம சனத்துக்கே எடம் பத்தாது," என்றார் கிராணி.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்று பேசினார். "மணி எல்லாருக்கும்தாங்க கேக்கும். கேட்டு ஓடியாறவன வாசல்ல நிறுத்தி, ஞானஸ்நானம் ஆச்சான்னா கேக்கறது?"

குழியை இன்னும் நீளமாக வெட்டினோம். கோயில் கிணற்றையும் தெருவுக்குத் திறந்துவிட்டோம். வீடு வீடாகச் சொன்னோம். மணி அடித்தால் ஓடி வாருங்கள்.

இங்கேதான் நாங்கள் ஒரு மடத்தனம் செய்தோம்.

சூசை தாத்தா செத்துப்போனார். குண்டால் அல்ல, இழுப்பால். எங்களில் ஒருவர் செத்தால் துக்க மணி அடிப்போம். ஒரு அடி. நிறுத்தம். இன்னொரு அடி. பெட்டி கோயிலைவிட்டு இறங்கி முனை திரும்பும்வரை அடிக்க வேண்டும். பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். யாருக்கும் வேறு யோசனையே வரவில்லை. அவசர மணி வேகம், துக்க மணி மெதுவு, எங்களுக்கு நன்றாகத் தெரியும். தெருவுக்குத் தெரியுமா?

தெரு முழுக்க ஓடி வந்து குழிக்குள் இறங்கியது. முந்தின நாள் மழை. உள்ளே கணுக்கால் தண்ணீர். காய்ச்சல் பிள்ளையோடு ஒருத்தி. நாங்கள் சிலுவையும் பெட்டியுமாக, பாட்டுப் பாடிக்கொண்டு, குழியைத் தாண்டிப் போகிறோம். சாக்குக்கு நடுவிலிருந்து மீனாட்சியின் தலை எழும்பியது.

"சியாப்பா மாத்தி?" என்றாள். யார் செத்தது?

சூசை என்றேன். அவள் வானத்தைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் என்னை ஏசினாள் பாருங்கள், அதை இங்கே எழுத முடியாது. நியாயமான ஏச்சு. வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மணி அடித்தது. இது நிஜம். "அடி! அடி!" என்று மேலிருந்து அவர் கத்துகிறார். கை எரிய எரிய அடிக்கிறேன். பாதித் தெருதான் ஓடி வந்தது. மீதிப்பேர் வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். பெட்டி வருகிறதா என்று. மீனாட்சியும் படியில் நிற்கிறாள்.

"மாசோக்! மீனாட்சி! மாசோக்!"

இப்போது அவள் வார்த்தையை நான் கத்துகிறேன். ஊளை. இடி, சாலைக்கு அந்தப் பக்கமே. சிதறல் அவள் இடது தோளுக்குக் கீழே பாய்ந்தது. தூக்கிவந்து கோயில் தரையில் போட்டோம். ரத்தம் நிற்கவில்லை. பீடத்து வெள்ளைத் துணியை உருவினேன். ஐயோ, தேவத்துரோகம் என்று ஒரு கிழவர் வாயில் அடித்துக்கொண்டார். கிழித்தேன். இறுக்கிக் கட்டினேன். பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். கையைக் காப்பாற்ற முடியவில்லை.

அன்று மத்தியானமே கூட்டம். உட்காரப் பெஞ்சு இல்லை. தரையில் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"இனிமே துக்க மணி கெடையாது. பூச மணி கெடையாது. மூணு வேளை அடிக்கிற திரிகால மணியும் கெடையாது. பிளேன் வந்தா மட்டும்."

சூசையின் மகன் பாய்ந்தான். "மணியில்லாமப் பொதைக்க நாம என்ன நாயா?"

"செத்தவருக்குச் செபம் சொல்ல நாம இருக்கோம்டா. தெருவுல நிக்கறவளுக்கு இந்த மணிய விட்டா என்ன இருக்கு?"

சத்தம் அடங்க நேரமானது. அடங்கியதும் கிராணி எழுந்தார். எதிர்க்கப்போகிறார் என்று நினைத்து நானும் எழுந்தேன். அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பொழுது சாயும்வரை வீடு வீடாக ஏறி இறங்கினார். தன் கச்சேரி மலாயில் சொன்னார். தவறு எங்களுடையது. இனி எங்கள் சாவுக்கு இந்த மணி அடிக்காது. கேட்டால் நம்பி ஓடி வாருங்கள். அந்த மனிதர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அடுத்த வாரம் டவுன் சைரன் நின்றது. கெட்டுப்போகவில்லை. அதை ஊதுகிறவர்கள் போய்விட்டார்கள். வெள்ளைக்காரன் பட்டாள லாரிகள் தெற்கே ஓடுகின்றன. ஆற்றுப் பக்கம் வெடிச் சத்தம், ஜப்பான்காரன் கையில் எதுவும் சிக்கக் கூடாதென்று போகிறவர்களே வைத்த வெடி. புக்கிட் ரம்பாய் தோட்டத்திலிருந்து சனங்கள் மூட்டையோடு நடந்து வந்தார்கள். அவர்களுக்கும் குழியில் இடம் கொடுத்தோம். மரவள்ளிக் கஞ்சி கொடுத்தோம். தொப்பி போட்ட காவல் அதிகாரி ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் நின்று கத்தினார்.

"மணி அடிக்கக் கூடாது! உத்தரவு!"

"உத்தரவு போட்டவரு எங்கய்யா?" என்றேன்.

அவர் லாரி போன திசையைப் பார்த்தார். சைக்கிளை மிதித்துக்கொண்டு அதே திசையில் போய்விட்டார். நான் கயிற்றை விடவில்லை. ராஜாவே வந்து சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை. வெயில் நன்றாக ஏறிவிட்டது. மேலிருந்து அவர் குரல்.

"வருது! வடக்க! அடி புள்ள!"

அடிக்கிறேன். தெரு ஓடி வருகிறது. இந்த முறை முழுத் தெருவும். கிராணியின் நடை வீண் போகவில்லை. முதல் வரிசை விமானங்கள் தலைக்கு மேலே கடந்து போயின. குண்டு போடவில்லை. வழக்கமாக அந்த நேரத்தில் அவர் இறங்கி வந்துவிடுவார், இருவரும் குழிக்கு ஓடுவோம். அவர் இறங்கவில்லை. குழியிலிருந்து தலைகள் எழும்புகின்றன. போய்விட்டது என்று நினைத்து ஏறப் பார்க்கிறார்கள்.

"ஏறாத! பின்னால இன்னும் வருது! ஏறாத! அடி செபஸ்தி, நிறுத்தாத!"

என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து புள்ள என்றுதான் கூப்பிடுவார். அடிக்கிறேன். தலைகள் உள்ளே போகின்றன. ஊளை. எனக்கு இடி கேட்கவில்லை. புழுதிதான் தெரிந்தது. கயிறு என் கையில் இருந்தது. மணியும் உத்தரத்தில் இருந்தது. மணிக்கூண்டின் சாலைப்பக்கச் சுவர் இல்லை. அவர் கற்களுக்கு நடுவில் கிடந்தார். கண் திறந்திருந்தது. கூப்பிட்டேன். கண்ணை நானே மூடிவிட்டேன்.

குழிக்கு மேலே பெஞ்சுகள் உடைந்திருந்தன. கீழே எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

அன்றைக்கே அடக்கம். காத்திருக்க நேரமில்லை. தச்சன் உடைந்த பெஞ்சுப் பலகைகளில் பெட்டி செய்தான். கூலி பேசவில்லை. பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இவருக்காவது அடிக்கலாமே, மணி அடித்தே வாழ்ந்த மனுஷனுக்கு. சூசையின் மகனும் அதையே சொன்னான், அழுதுகொண்டு. கிராணி தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"மூணே மூணு அடிம்மா. தெருவுல நானே போயி சொல்லிட்டு வந்துர்றேன்."

எனக்கு ஆசை இல்லையா? கயிறு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"வேணாங்க. நீங்க சொல்லிட்டு வர்றதுக்குள்ள ரோட்டுல புதுசா எத்தன பேரு வருவான்? ஒருத்தன் தப்பா நெனச்சுட்டான்னா, அப்புறம் இவரு செத்தது எதுக்கு?"

பெட்டியைத் தூக்க வேண்டும். ஆனால் கோயிலில் யார் தங்குவது? ஒருவர் கயிற்றோடு இருந்தாக வேண்டும். நான் இருக்கிறேன் என்று சூசையின் மகன் சொல்வதற்குள் சேக் நானா வளாகத்துக்குள் வந்தார். செருப்பை வாசலில் கழற்றினார்.

"நீங்க எல்லாரும் போங்க. உங்காளு அடக்கம். கயித்த நான் புடிச்சிக்கிறேன்."

மீனாட்சியின் அண்ணன் கற்குவியல் மேல் ஏறி வானத்தைப் பார்த்து நின்றான். ஒரு திருநீறு பூசிய நெற்றி. ஒரு தொழுகைத் தொப்பி. கோயில் மணியை அவர்களிடம் விட்டுவிட்டுச் சபை முழுக்கப் பெட்டிக்குப் பின்னால் நடந்தோம்.

பெட்டி கல்லறைக் குழிக்குள் பாதி இறங்கியிருந்தது. அப்போது மணி அடித்தது. வேகமாக. விடாமல்.

"படுங்க! படுங்க!" கிராணி கத்தினார். "பெட்டிக் கயித்த மட்டும் விட்றாதீங்க!"

கல்லறைகளுக்கு நடுவே குப்புற விழுந்தோம். தூக்கினவர்கள் நால்வரும் படுத்தபடியே கயிற்றைப் பிடித்திருந்தார்கள். உறுமல் மேலே போனது. எனக்குத் தெளிவாகக் கேட்டது, சேக் நானா எங்களில் ஒருவர் அடிப்பதுபோலவே அடித்தார். குண்டுகள் தொலைவில் விழுந்தன. எழுந்தோம். மண்ணைத் தட்டிவிட்டுப் பெட்டியை மெதுவாக இறக்கினோம். யாருக்கும் காயமில்லை.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். மூன்றரை வருடம் இருந்தான். மணியை உலோகத்துக்கென்று இறக்கிக்கொண்டு போனான். வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டான். கோயிலில் மறுபடியும் கூட்டம் போடுகிறார்கள், அக்கம்பக்கத்துக்கு நாம் என்ன செய்யலாம் என்று. நல்ல கேள்விதான். முன்பு ஒருமுறை செய்தோம். என்ன கொடுத்துச் செய்தோம் என்று கேட்டால் இதுதான் கணக்கு.

பெஞ்சுகள், ஒன்று விடாமல். பீடத் துணி ஒன்று. மணிக்கூண்டு. மணி. மீனாட்சியின் இடது கை. கோயிற்பிள்ளை சவரிமுத்து, என் வீட்டுக்காரர்.

நாங்கள் வெட்டிய குழிக்குள் செத்தவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். ஒருவர்கூட இல்லை.