பசைக் கலனில் இறங்கிய மாப்பிள்ளை

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்து பொய் என்றாலும் நாளைக் காலை என் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழட்டும். என் டீ எனக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தவர்கள் இதற்குமேல் சத்தியம் கேட்கமாட்டார்கள்.

என் மாப்பிள்ளை தங்கமானவர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

இருவருக்கும் ஒரே பசை ஆலையில் வேலை. அவர் எஞ்சினியர். நான் கன்ட்ரோலர் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவன். மாவும் நீரும் கொதிக்கிற பெரிய கலனை அந்தப் பெட்டிதான் ஓட்டுகிறது. ஏதாவது கோளாறு என்றால் அதன் திரையில் பிழைச்செய்தி வரும். நான் பார்த்துச் சரிசெய்வேன். கலனைக் கழுவவோ பழுது பார்க்கவோ உள்ளே இறங்குகிறவர் பெட்டியின் சாவியைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். சாவி இல்லாமல் எதுவும் ஓடாது. நல்ல வழக்கம். கொண்டுவந்தவன் நான்தான்.

வினை வந்தது மாப்பிள்ளைக்கு என்மேல் இருந்த பாசத்தால்.

"மாமா, புதுப் பெட்டி வருது. எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும். நீங்க வீட்ல காலை நீட்டி உக்காருங்க."

"வீட்ல உங்க அத்தை இருக்காளே, மாப்ள."

"நான் மெஷினுக்குத்தான் எஞ்சினியர், மாமா."

அந்த நாற்காலியில் என் முதுகின் அச்சே விழுந்திருந்தது. விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஆகவே டீ குடிக்க எழுந்துபோகும்போதெல்லாம் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு ஒரு கம்பியை லேசாக இழுத்துவிட்டுப் போவேன். 'வெப்ப சென்சார் இணைப்பு இல்லை' என்று திரை சிவக்கும். ஆலையே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். நான் வாயைத் துடைத்தபடி வந்து, பெட்டியின் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டு, பின்னால் விரலால் ஓர் அமுக்கு. பிழை போய்விடும். "பெட்டி பெரியவர் பேச்சைத்தாம்ப்பா கேக்குது" என்றார்கள். எனக்குப் பத்து வயது குறைந்தது.

மாப்பிள்ளை மட்டும் நம்பவில்லை. ஒரு மதியம், கலன் காலியாக இருந்த நேரம் பார்த்து, சென்சாரை நேரில் பார்த்துவிடுகிறேன் என்று ஏணியை வைத்து உள்ளே இறங்கினார்.

"மாமா, இங்க எல்லாம் ஒழுங்கா இருக்கு. கோளாறு உங்க பக்கந்தான்."

அந்த வாக்கியம் ஏணியேறி வெளியே வந்தால் என் நாற்காலி போய்விடும். கோபம் எல்லாம் இல்லை. மூடியைச் சாத்தினேன். மாவைத் திறந்துவிட்டேன், நீரைத் திறந்துவிட்டேன், பச்சைப் பொத்தானை அமுக்கினேன். கிளறுகோல் சுற்றத் தொடங்கியது. திரையில் ஒரு பிழை கிடையாது. வேலை சுத்தமாக நடந்தால் மனசுக்கு எவ்வளவு நிறைவு!

அன்று இறங்கிய பசையைப் போல் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதில் ஒட்டிய அட்டைப்பெட்டியை ரம்பத்தால்தான் பிரித்தார்கள். கடைக்காரர் ஒருவர் அந்தப் பசை தடவிய கடித உறையை ஒட்ட நாக்கால் ஈரப்படுத்தினார். அன்றிலிருந்து அவர் வீட்டில் நிம்மதி. ஆச்சரியமில்லை. உயிரோடிருந்தபோதும் எங்கள் குடும்பத்தை ஒட்டவைத்தவர் மாப்பிள்ளைதான்.

ஆகவே ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். என் மகளின் கணவரைப் பசையாகக் காய்ச்சியவன் நானே. ஒரு நாற்காலிக்காக. வருத்தம் உண்டு; ஆனால் நாற்காலி மிச்சம்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, சட்டைப்பையிலிருந்து பெட்டிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "மாமா, உங்க நாற்காலிய வேன்ல ஏத்திட்டு வந்துட்டேன், எங்க போடட்டும்?" என்று கேட்டார்.