வாய்க்கால் காய்ந்திருந்த மூன்று நாட்கள்

எனக்குச் சுத்தம் முக்கியம் சார். பத்தொன்பது வருடமாக அந்தச் சாயத் தொழிற்சாலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மீட்டர் அறைக் கண்ணாடியைத் துடைக்கக்கூட வேறு யாரையும் விட்டதில்லை. பொறுப்பு அவருடையது என்று நீங்கள் சூப்பர்வைசரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. தப்பான ஆளின் பெயரில் ஒரு கோப்பு இருப்பது எனக்கு உறுத்துகிறது. அதனால் நானே வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் சுற்றுச்சூழல் அலுவலகத்திலிருந்து மாதம் ஒருவர் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார். போன வருடம் புது விதி வந்தது. கழிவுநீர் வெளியேறும் வாய்க்காலில் ஒரு சென்சார் தொங்க வேண்டும். கால் மணிக்கு ஒருதரம் அது அழுக்கை அளந்து நேரே அலுவலகக் கணினிக்கு அனுப்பிவிடும். அனுமதித்த அளவையும் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். மூன்று முறை தாண்டினால் ஆலைக்கு மின்சாரம் கிடையாது. நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஏசி அறையில் உட்கார்ந்து அந்த எண்ணை எழுதியவருக்கு, எங்கள் தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டார் எட்டு மாதமாகப் படுத்துக் கிடப்பது எப்படித் தெரியும்? காற்றில்லாமல் அழுக்கு எப்படிக் குறையும்? முதலாளியிடம் நாலு முறை சொல்லிப் பார்த்தேன். நீங்கள் இருக்கும்போது எனக்கென்ன கவலை என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். நானூறு பேர் வேலை பார்க்கும் இடம். அத்தனை பேர் வயிற்றில் அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் சென்சாரைத் தூக்கி ஒரு வாளிக்குள் போட்டேன். சிவப்பு பிளாஸ்டிக் வாளி, மூடியோடு. வெறும் குழாய்த் தண்ணீரை வைத்து மாட்டிக்கொண்ட அவசரக்குடுக்கைகள் உண்டு. கழிவுநீர் அவ்வளவு தெளிவாக இருந்தால் யார் நம்புவார்கள்? நான் அப்படிச் செய்யவில்லை. குழாய்த் தண்ணீரில் காலையில் ஒரு டம்ளர் கழிவு, மதியம் சாயப்பட்டறை முழு வேகத்தில் ஓடும் நேரத்துக்கு இரண்டு டம்ளர், சாயங்காலம் பாதியைக் கீழே கொட்டிவிட்டு நல்ல தண்ணீர். கணினியில் கோடு அழகாக ஏறி இறங்கும். அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அதை நான் சுவரில் மாட்டவில்லை. எனக்கு அந்த மாதிரி ஆசையெல்லாம் கிடையாது.

ஆற்றைப் பற்றிக் கேட்பீர்கள். கீழ்ப்பக்கம் குடியிருப்பவர்கள் குழந்தைகளுக்குத் தோல் உரிகிறது என்று மனு கொடுத்தார்கள். தோல் உரிய ஆயிரம் காரணம் இருக்கும்.

வாளியைப் பார்த்தது ஒரே ஒருவர், என் தங்கை புருஷன். அங்கேயே ஃபிட்டர். நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். ஒருநாள் குழாய் மாற்ற வந்தவர் மூடியைத் திறந்துவிட்டார்.

"என்ன மச்சான் இது?"

"தண்ணி மாப்பிள்ளை. பார்த்தா தெரியல?"

அவர் சிரிக்கவில்லை. இது என்றைக்காவது உங்கள் கழுத்துக்குத்தான் வரும் என்று சொல்லிவிட்டு மூடியைத் திரும்ப வைத்தார். பேச்சில் ஒரு அக்கறை தெரிந்தது. அக்கறையாகப் பேசுகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு ஒரு கண்.

பார்க்கப் பார்க்க எல்லாம் பிடிபட்டது. போன் வந்தால் எழுந்து வெளியே போவார். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். சட்டைப் பையில் எப்போதும் மடித்த காகிதம் ஒன்று, அதில் ஏதோ கோடும் கிறுக்கலும். தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனால் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். தங்கையிடம் நைசாக விசாரித்தேன். என்னவோ யோசனையாகவே இருக்கிறார், கேட்டால் அப்புறம் சொல்கிறேன் என்கிறார் என்றாள். பெண்டாட்டியிடமே மறைக்கிற யோசனை என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கொதிகலன் பழுதாகி ஆலையை மூன்று நாள் மூடினார்கள். மற்றவர்கள் வீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தார்கள். நான் மூன்று நாளும் வந்து, டம்ளர் அளவு பிசகாமல் கலந்து வைத்துவிட்டுப் போனேன். என் வேலையில் எனக்கு அவ்வளவு பொறுப்பு. ஆனால் ஆலையைத் திறந்த மறு வாரமே நோட்டீஸ் வந்தது. வியாழக்கிழமை ஆய்வு, சென்சாரைத் தொட்டுப் பார்ப்போம் என்று. வாளியைப் பார்த்தவர் ஒருவர்தான். வேறு யார் சொல்லியிருக்க முடியும்?

புதன்கிழமை காலை சேகரிப்புத் தொட்டியின் அடியில் பம்ப் அடைத்துக்கொண்டது. பன்னிரண்டு அடி ஆழம். அடியில் சேறு அழுகிக் கேஸ் கட்டியிருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. இதற்கும் விதி இருக்கிறது. கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்த்துவிட்டு, நான் பெர்மிட் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் ஆள் இறங்கலாம்.

மாப்பிள்ளை ஸ்பேனர் எடுக்கத் திரும்பியிருந்தார். நான் கயிற்றை அவிழ்க்கவே இல்லை. மீட்டரை நல்ல காற்றில், இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டேன்.

"பார்த்துட்டீங்களா மச்சான்?"

"பார்த்துட்டேன். பூஜ்யம். இறங்குங்க."

மீட்டர் பூஜ்யம்தான் காட்டியது. சீட்டு உங்கள் கோப்பிலேயே இருக்கிறது, தேதி நேரமெல்லாம் சரியாக இருக்கும்.

ஏணியில் ஏழு படிவரை எண்ணினேன். அப்புறம் ஸ்பேனர் விழுந்த சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. விசில் என் கழுத்தில் இருந்தது. மூச்சுக் கருவி பத்தடி தள்ளிச் சுவரில் தொங்கியது. இரண்டையும் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன். தெரிந்துதான் நின்றேன் என்றே எழுதுங்கள். பிறகு விசில் ஊதினேன். ஓடி வந்தவர்களில் ஒருவரையும் கருவி மாட்டாமல் இறங்க விடவில்லை. விட்டிருந்தால் இன்னும் இரண்டு பேர் போயிருப்பார்கள். அதை யாரும் பேசுவதில்லை.

ஆய்வுக்கு வந்த அதிகாரி அம்மாவிடம், உங்களுக்கு யார் தகவல் சொன்னது என்று கேட்டேன். ஒருமாதிரி பார்த்தார். யாரும் சொல்லவில்லையாம். ஆலை மூடியிருந்தது, வாய்க்காலில் ஒரு சொட்டு ஓடவில்லை, ஆனாலும் மூன்று நாளும் மதியமானால் அழுக்கு ஏறியிருக்கிறதே என்று கணினிதான் காட்டிக்கொடுத்ததாம்.

துக்கத்துக்கு ஒரு மெக்கானிக் வந்திருந்தார். மாப்பிள்ளை அவரிடம்தான் போனில் பேசிக்கொண்டிருந்தாராம். காற்றடிக்கும் மோட்டார் பழையதாக ஒன்று பார்த்து வைத்திருந்தார்களாம். அந்தக் காகிதத்தில் இருந்தது அதன் அளவுகள். "மோட்டார் ஓடிட்டா மச்சான் தலை தப்பிச்சிடும், முன்னாடியே சொன்னா ரோஷப்படுவார்னு சொல்லிக்கிட்டே இருந்தார்" என்றார் மெக்கானிக். நான் தலையாட்டினேன். அன்றைக்குச் சொல்லாதவர் மறுநாள் சொல்லியிருக்கமாட்டார் என்று யாரால் உறுதி கொடுக்க முடியும்?

எல்லோரும் போன பிறகு தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீ மீட்டரைப் பார்த்துட்டுத்தானே அவரை இறக்கினே, அண்ணா?"

பார்த்துவிட்டுத்தான் இறக்கினேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளிடம் நான் இந்த நாள்வரை ஒரு பொய் சொன்னதில்லை சார்.